பெருங்குடலுக்கு என்ன போய்ச் சேருகிறது?

கேள்வி இது: ஒரு வாரம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டதிலிருந்து வயிறு சரியில்லை. குடலிலுள்ள நல்ல பாக்டீரியா செத்துவிட்டால் எதிர்ப்பு சக்தியிலிருந்து மனநிலை வரை எல்லாமே கெடும் என்கிறார்கள். ப்ரோபயாடிக் மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடுமா? இந்தக் கிருமிகள் உடம்புக்கு உண்மையில் என்னதான் செய்கின்றன?

உயிருள்ள நல்ல கிருமிகளை அடைத்த அந்த ப்ரோபயாடிக் மாத்திரைக்கான பதில் சுருக்கமானது. ஆரோக்கியமாக இருந்து ஒரு கோர்ஸ் ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பெரும்பாலானவர்களுக்கு அது தேவையில்லை. ஏன் என்று புரிய, இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்.

குடல் முழுக்க பாக்டீரியா ஒரே அளவில் இருப்பதில்லை. இரைப்பையின் அமிலத்தில் மிகச் சிலவே பிழைக்கும். சிறுகுடலின் தொடக்கத்தில் ஒரு மில்லிக்குச் சில ஆயிரம் இருக்கும். பெருங்குடலில் அதே ஒரு மில்லியில் ஏறத்தாழ பத்தாயிரம் கோடி. உடம்பிலுள்ள பாக்டீரியாவில் மிகப் பெரும்பகுதி இங்கேதான் வாழ்கிறது. மனித செல்களைவிடப் பாக்டீரியா பத்து மடங்கு அதிகம் என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அது 1970-களின் தோராயக் கணக்கு. 2016-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் திரும்பக் கணக்கிட்டபோது மனித செல்கள் சுமார் 30 லட்சம் கோடி, பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி, மொத்த எடை 200 கிராம் அளவுக்கு என்று வந்தது.

இந்த 200 கிராம் எதைத் தின்று வாழ்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நாம் சாப்பிடும் சர்க்கரை, எளிதில் செரிக்கும் மாவு, கொழுப்பு, புரதம் எல்லாவற்றையும் சிறுகுடல் பெரும்பாலும் உறிஞ்சிவிடும். பெருங்குடலுக்குப் போய்ச் சேருவது நம் நொதிகளால் உடைக்க முடியாத நார்ச்சத்தும், செரிக்காமல் தப்பும் கொஞ்சம் மாவுச்சத்தும்தான். பாக்டீரியா அவற்றை நொதிக்க வைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற மூன்று சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. குடல் கிருமிகளால் உடம்புக்குக் கிடைப்பதாகச் சொல்லப்படும் நன்மைகளில் பெரும்பகுதி இந்த மூன்றின் வழியாகவே வருகிறது.

இதன் வலிமையைத் தெளிவாகக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நடந்தது, 2000-ல் வெளியானது. காலராவால் அவதிப்பட்ட 48 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான உப்பு-சர்க்கரைக் கரைசல். இன்னொன்றுக்கு அதே கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு. மூன்றாவதற்கு, சிறுகுடலில் எளிதில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவு லிட்டருக்கு 50 கிராம். மூன்றாவது குழுவில் மலத்தின் அளவு குறைந்தது, வயிற்றுப்போக்கும் சீக்கிரம் நின்றது. காலராவின் நஞ்சு சிறுகுடலிலிருந்து நீரைக் கொட்டச் செய்கிறது. பெருங்குடலால் அவ்வளவையும் திரும்ப உறிஞ்ச முடிவதில்லை. செரிக்காத மாவு பெருங்குடலை அடைந்ததும் பாக்டீரியா அதைக் கொழுப்பு அமிலங்களாக்க, அந்த அமிலங்களை உறிஞ்சும்போது பெருங்குடல் சோடியத்தையும் சேர்த்து இழுக்கிறது, கூடவே தண்ணீரும் உள்ளே வருகிறது. குடல் கிருமிகளுக்குக் கொடுத்த தீனி நோயாளியின் நீரிழப்பைக் குறைத்திருக்கிறது. இதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது.

மூன்றில் பியூட்டிரேட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெருங்குடலின் உள்வரிசை செல்களுக்கு வேண்டிய ஆற்றலில் சுமார் 70 சதவீதம் அதிலிருந்தே கிடைக்கிறது. அதை எரிக்கும்போது அந்தச் செல்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. குடலின் உட்பகுதி ஆக்சிஜன் இல்லாத இடமாகவே இருக்கிறது. பியூட்டிரேட் குறைந்தால் ஆக்சிஜன் உள்ளே கசியும். அப்போது ஆக்சிஜனில் செழிக்கும் சால்மோனெல்லா, ஈ.கோலை வகைகளுக்குக் கொண்டாட்டம். ஆக்சிஜன் ஆகாத நல்ல இனங்கள் ஒடுங்கிப்போகும். ஆன்டிபயாடிக்கிற்குப் பிறகு தொற்று எளிதாகப் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நார்ச்சத்து வராவிட்டால் பாக்டீரியா பட்டினி கிடப்பதில்லை. குடல் சுவரை மூடியிருக்கும் சளிப் படலத்திலும் சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன. சில இனங்கள் அதைத் தின்னத் தொடங்கும். மனிதக் குடல் இனங்களைக் குடியேற்றிய எலிகளுக்கு நார்ச்சத்தே இல்லாத தீனி கொடுத்துப் பார்த்த 2016-ம் ஆண்டு ஆய்வில் சளிப் படலம் மெலிந்தது; பிறகு ஒரு நோய்க்கிருமியைக் கொடுத்ததும் கடுமையான குடல் அழற்சி வந்தது. எலியில் கண்டது அப்படியே மனிதனுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் குரோன் என்ற நாள்பட்ட குடல் அழற்சி நோய் உள்ளவர்களின் குடலில் பியூட்டிரேட் தயாரிக்கும் முக்கிய இனமான ஃபேக்கலிபாக்டீரியம் பிராஸ்னிட்சி குறைந்திருப்பது பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது.

நோய் எதிர்ப்பு மண்டலத்தின் பாடம் பிறந்த சில நாட்களிலேயே ஆரம்பமாகிறது. தாய்ப்பாலில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாக அதிகம் இருப்பது ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலிகள். குழந்தையால் அவற்றைச் செரிக்கவே முடியாது. பைஃபிடோபாக்டீரியம் போன்ற இனங்களுக்கான உணவு அது! முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதற்கு இருக்கும் பல காரணங்களில் இதுவும் ஒன்று. ஒடிசாவின் கிராமங்களில் நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளை வைத்து நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆய்வில், லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் என்ற பாக்டீரியாவின் குறிப்பிட்ட ஒரு வகையையும் அதற்கான சர்க்கரை உணவையும் ஏழு நாள் மட்டும் கொடுத்தார்கள். ரத்தத் தொற்றும் மரணமும் சேர்ந்த கணக்கு 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தது. தாய்ப்பால் குடிக்கும், எடை போதுமான குழந்தைகளிடம், சோதித்த ஒரே ஒரு வகையைக் கொண்டு கிடைத்த முடிவு அது. கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு பாக்கெட்டை வாங்கிப் பச்சைக் குழந்தைக்குக் கொடுக்க அது அனுமதி ஆகாது.

இனி ஆன்டிபயாடிக். குடல் நிறையக் குடியிருக்கும் இனங்கள் புதிதாக வரும் கிருமிக்கு இடமும் உணவும் விடுவதில்லை. பித்த அமிலங்களையும் மாற்றி அமைக்கின்றன. அப்படி மாறிய அமிலங்கள் க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி வளராமல் தடுக்கின்றன. ஆன்டிபயாடிக் இந்தக் காவலைக் கலைத்தால் அந்தக் கிருமி பெருகிக் கடுமையான வயிற்றுப்போக்கைக் கொடுக்கும், சில நேரம் உயிரையும் வாங்கும். நெதர்லாந்தில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், இந்தத் தொற்று திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு ஆரோக்கியமானவரின் மலத்தைக் கரைத்துக் குழாய் வழியாகக் குடலுக்குள் செலுத்தினார்கள். ஒரே முறையில் 16 பேரில் 13 பேர் குணமானார்கள். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் பெற்ற குழுவில் 13 பேரில் 4 பேர். கேட்க அருவருப்பாக இருக்கலாம், ஆனால் குடல் பாக்டீரியாவை மாற்றி ஒரு நோயைக் குணப்படுத்த முடியும் என்பதற்கு இன்றுவரை இதுவே வலுவான ஆதாரம்.

சாதாரண ஆளுக்கு அந்த அளவுக்குப் போவதில்லை. டென்மார்க்கில் ஆரோக்கியமான 12 ஆண்களுக்கு மூன்று வீரியமான ஆன்டிபயாடிக்குகளை நான்கு நாள் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றரை மாதத்தில் குடல் கிட்டத்தட்ட பழைய நிலைக்குத் திரும்பியது. ஆனால் முன்பு இருந்த ஒன்பது இனங்கள் ஆறு மாதம் கழித்தும் பெரும்பாலோரிடம் தென்படவில்லை. ஆக, பயப்பட வேண்டியதில்லை, அலட்சியமும் கூடாது. சளி, சாதாரணக் காய்ச்சல், தொண்டைக் கரகரப்பு ஆகியவற்றில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. அவற்றுக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மூன்று நாள் ஆன்டிபயாடிக் நோயைத் தொடாது, குடலை மட்டும் தொடும். குடல் பாக்டீரியாவுக்கு நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அந்தப் பழக்கத்தை விடுவது. மருத்துவர் உண்மையான பாக்டீரியத் தொற்றுக்கு எழுதிக் கொடுத்தால், அவர் சொன்ன அளவில் சொன்ன நாட்களுக்குச் சாப்பிடுங்கள். குடலை நினைத்து அதை நிறுத்த வேண்டாம்.

ப்ரோபயாடிக் பற்றிய குழப்பமே இரண்டு கேள்விகளை ஒன்றாக்குவதால் வருகிறது. ஆன்டிபயாடிக் சாப்பிடும் நாட்களில் வரும் வயிற்றுப்போக்கு குறையுமா என்பது ஒரு கேள்வி. சில வகைகளால் குறையும். குழந்தைகளிடம் இதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் உண்டு. நம் பழைய பாக்டீரியா சீக்கிரம் திரும்புமா என்பது வேறு கேள்வி. இதற்குப் பதில் பலர் எதிர்பார்ப்பதற்கு நேர் எதிராக வந்தது. வைஸ்மன் நிறுவனத்தின் 2018-ம் ஆண்டு ஆய்வில், ஆன்டிபயாடிக்கிற்குப் பிறகு 11 வகை பாக்டீரியா கலந்த மாத்திரை சாப்பிட்டவர்களின் சொந்தப் பாக்டீரியா திரும்ப மாதக்கணக்கில் தாமதமானது. எதுவும் சாப்பிடாமல் விட்டவர்களுக்குச் சில வாரங்களில் மீண்டது. சிறிய ஆய்வுதான், எல்லா மாத்திரைக்கும் இதைப் பொருத்திவிட முடியாது. ஆனால் "எதற்கும் இருக்கட்டும்" என்று மாதக்கணக்கில் மாத்திரையைத் தொடர்வதற்கு நியாயம் இல்லை என்பதற்கு இது போதும்.

மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் சில விஷயங்களைக் கவனியுங்கள். சாக்கரோமைசஸ் பவுலார்டி என்பது ஈஸ்ட். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அதைப் பாதிக்காது. லாக்டோபேசில்லஸ் வகையென்றால் ஆன்டிபயாடிக்கிற்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் விழுங்கியதே வீண். பாட்டில் அட்டையில் இனத்தின் பெயரோடு அதன் குறிப்பிட்ட வகையின் எண் அல்லது குறியீடு, காலாவதி தேதி வரை உயிரோடிருக்கும் எண்ணிக்கை, குளிரூட்டியில் வைக்க வேண்டுமா என்ற மூன்றும் இருக்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்கள், ரத்தக்குழாயில் குழாய் செருகப்பட்டவர்கள், கீமோதெரபி எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த ப்ரோபயாடிக்கும் எடுக்கக் கூடாது. அவர்களுக்கு அந்த உயிருள்ள ஈஸ்டோ பாக்டீரியாவோ ரத்தத்திலேயே கலந்து தொற்றாகிவிடும் அபாயம் உண்டு.

மனநிலை, எடை, சர்க்கரை பற்றிச் சொல்லப்படுவதில் மிகை அதிகம். மனநிலையோடு தொடர்புள்ள செரோடோனின் என்ற வேதிப்பொருளில் 90 சதவீதம் குடலில் உருவாகிறது என்பது சரியே. ஆனால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதில்லை. எலியில் குடல் பாக்டீரியாவை மாற்றி எடையைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. மனிதரிடம் அப்படியொரு சிகிச்சை இன்னும் வரவில்லை. குடல் பாக்டீரியா பி12 தயாரிக்கிறது, அதனால் சைவம் சாப்பிடுபவர்களுக்குக் கவலை இல்லை என்பதும் தவறு. தயாரிப்பு பெருங்குடலில், பி12 உறிஞ்சப்படுவதோ அதற்கு முன்னால் சிறுகுடலின் கடைசிப் பகுதியில். மலத்தை அனுப்பினால் "உங்கள் குடல் மதிப்பெண்" தரும் சோதனைகளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். அந்த அறிக்கையை வைத்துச் சிகிச்சையை முடிவு செய்யும் நிலை வரவில்லை. மறுபக்கம், கல்லீரல் நோயாளிகளின் மூளைக் குழப்பத்துக்கு லாக்டுலோஸ் சிரப் தினமும் கொடுக்கப்படுகிறது. குடல் பாக்டீரியா அதை அமிலமாக மாற்ற, அம்மோனியா ரத்தத்தில் கலக்காமல் மலத்தோடு வெளியேறுகிறது. விளம்பரமே இல்லாமல் பல ஆண்டுகளாக வேலை செய்யும் குடல் பாக்டீரியா வைத்தியம் இது.

சாப்பாட்டுக்கு வருவோம். இந்தியர்களுக்கான பரிந்துரை 2000 கலோரிக்கு சுமார் 30 கிராம் நார்ச்சத்து. 100 கிராம் வெள்ளை அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. கேழ்வரகிலும் கம்பிலும் 11 கிராம், முழு பாசிப்பயறில் 17, முழு கொண்டைக்கடலையில் 25, முருங்கைக்கீரையில் 8, கொய்யாவில் 8. மூன்று வேளையும் வெள்ளை அரிசிச் சோறு, இட்லி, தோசை, கூடவே கொஞ்சம் சாம்பார், ஒரு கரண்டிப் பொரியல் என்றால் 15 கிராமைத் தாண்டுவது சிரமம். அதில் ஒரு வேளையை 60 கிராம் கேழ்வரகு மாவாக மாற்றி, மாலையில் 40 கிராம் கொண்டைக்கடலை ஊறவைத்துச் சுண்டல், ஒரு கொய்யா, பொரியல் இரண்டு கை அளவு என்று சேர்த்தால் 35-ஐத் தொட்டுவிடலாம். இதில் எதுவும் விலை உயர்ந்த பொருள் இல்லை.

பெரும்பாலானவர்கள் தோற்பது இங்கேதான்: ஒரே நாளில் மாற்றுகிறார்கள். வயிறு உப்பி, காற்று பிரிந்து, "நமக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று மூன்றாம் நாளே விட்டுவிடுகிறார்கள். பயறு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கும் நொதி நம்மிடம் இல்லை. பாக்டீரியா உடைக்கும்போது வாயு வரும். வாரத்துக்கு 5 கிராம் வீதம் மெதுவாகக் கூட்டுங்கள். பயறை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். தண்ணீர் குடிப்பதைக் கூட்டாமல் நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் மலம் இறுகும். ஆன்டிபயாடிக் முடிந்த முதல் வாரம் குடல் இன்னும் நொந்திருக்கும். அப்போது சுண்டலில் ஆரம்பிக்க வேண்டாம். தயிர்சாதம், வாழைப்பழம், நன்றாக வெந்த காய், பருப்பு என்று தொடங்குங்கள்.

தயிர் நல்லது, ஆனால் எதனால் என்று தெரிந்து சாப்பிடலாம். அதிலுள்ள பாக்டீரியா பெரும்பாலும் குடலில் குடியேறுவதில்லை, கடந்து போகிறது. போகும் வழியில் லாக்டோசைச் செரிக்க உதவுகிறது. பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்வது அதனால்தான். ஸ்டான்ஃபோர்டில் 36 பேரிடம் நடத்தி 2021-ல் வெளியான ஆய்வில், தயிர், கெஃபிர் போன்ற புளித்த உணவுகளைப் பத்து வாரம் கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்குக் குடல் இனங்களின் வகை கூடி, அழற்சியைக் காட்டும் சில புரதங்கள் குறைந்தன. பால் காய்ச்சி, விரல் சூடு தாங்கும் அளவுக்கு, அதாவது 40-45 டிகிரிக்கு ஆறியதும் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உறை விடுங்கள். அதைவிடச் சூடாக இருந்தால் உறையிலுள்ள பாக்டீரியா சாகும், தயிர் தோயாது. மோர்க்குழம்பில் கொதித்த தயிரிலும் வெந்த இட்லியிலும் சத்து இருக்கும், உயிருள்ள பாக்டீரியா இருக்காது. உப்பும் எண்ணெயும் மிகுந்த ஊறுகாயைப் புளித்த உணவுக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பழைய சோறு இரண்டு விதத்தில் உதவும். வெந்த மாவுச்சத்து ஆறும்போது ஒரு பகுதி இறுகிச் செரிக்காத மாவாகிறது; இரவெல்லாம் தண்ணீரில் லாக்டிக் அமில பாக்டீரியாவும் பெருகுகிறது. ஆனால் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்: 100 கிராம் சுடுசோற்றில் செரிக்காத மாவு அரை கிராமுக்குக் கொஞ்சம் மேல், ஆறியபின் அது ஏறத்தாழ இரட்டிப்பாகும், அவ்வளவே. சர்க்கரை நோயாளிகள் பழைய சோறு என்பதற்காக அளவைக் கூட்டக் கூடாது. செய்யும்போது கஞ்சியை வடித்துச் சோற்றை அகலமாகப் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் சோறு மூழ்க நல்ல குடிநீர் ஊற்றுங்கள். 8 முதல் 12 மணி நேரம் போதும். வெயில் காலத்தில் எட்டோடு நிறுத்துங்கள். சூடான சோற்றைத் தண்ணீர் ஊற்றாமல் மூடி மணிக்கணக்கில் விடுவதுதான் ஆபத்து. பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிநிலையிலும் பிழைக்கும். வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சைச் சுரக்கும், அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. லேசான புளிப்பு வாசனை சரி. நூல் பிடித்தாலோ நிறம் மாறினாலோ கொட்டிவிடுங்கள்.

எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களுக்கு வெங்காயம், பூண்டு, பயறு வகைகளே வலியைக் கிளப்பும். அவர்கள் மேலே சொன்ன அளவுகளை உணவியல் நிபுணரிடம் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும். உங்களுக்கு இப்போது உள்ள தொந்தரவு லேசான உப்புசமும் மலம் இளகுவதும் மட்டும் என்றால் ஒன்றிரண்டு வாரம் பொறுத்துப் பார்க்கலாம். ஒரு நாளில் மூன்று தடவைக்கு மேல் தண்ணீராகப் போனாலோ, காய்ச்சல், கடும் வயிற்றுவலி, மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, காரணமில்லாத எடைக் குறைவு இருந்தாலோ தாமதிக்க வேண்டாம். வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபெரமைட் மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்; டிஃபிசில் தொற்றாக இருந்தால் அது நிலைமையை மோசமாக்கலாம். இந்தத் தொற்று ஆன்டிபயாடிக் முடிந்து இரண்டு மூன்று மாதம் வரைகூட வரக்கூடும். அதனால் மருத்துவரிடம் போகும்போது பழைய மருந்துச் சீட்டையும் எடுத்துப் போய், எந்த ஆன்டிபயாடிக், எத்தனை நாள், எப்போது முடித்தீர்கள் என்று அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.